கல்மேட்டிலிருந்து பார்த்த படம்

கல்காரா
செப்டம்பர் 19, 1996

அன்பு மகள் ஜெனிசுக்கு அப்பா சொல்லி எழுதுவது.

நீயும் மாப்பிள்ளை இயனும் பேத்தி ஃபியோனாவும் அந்த அபர்டீன் குளிரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். என் உடம்பு எழுபத்தொன்பது வயசுக்கு எப்படி நடக்குமோ அப்படி நடக்கிறது, பழுது உடம்பில் இல்லை, மனசில்தான் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். புதுக் கையெழுத்தைப் பார்த்துப் பயந்திருப்பாய். அம்மா இருந்தவரை நமக்குள் எழுத்து வேலை எல்லாம் அவளுடையது, அவள் போன பிறகு நாம் போனில்தான் பேசிக்கொள்கிறோம், எனக்குத்தான் எழுத்து ஏறவில்லையே. இதை எழுதுகிறவள் வில்மா ஹார்ட்டிகன் என்கிற அம்மாள், இங்கே ஓவியக் கூடம் வைத்திருக்கிறாள், நான் சொல்லச் சொல்ல ஒரு சொல்லையும் மாற்றாமல் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன், "மாத்த மாட்டேன் பெரியவரே, ஆனா நீங்க மூச்சு விட்டாத்தானே நான் புள்ளி வைக்க முடியும்" என்கிறாள். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால் உன் அண்ணன் கெல்வின் பேரை எடுத்ததும் நீ போனை வைத்துவிடுகிறாய். உன்னைக் குறை சொல்லவில்லை அம்மா. ஆனால் இந்தத் தடவை நான் சொல்லி முடிக்கிற வரை நீ இருந்தாக வேண்டும், கிழித்துப் போட்டுவிடாதே, என் கண்ணு, கடைசி வரைக்கும் படி.

ஈஸ்டர் வரைக்கும் அவன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நெடுஞ்சாலை பெட்ரோல் கடையிலிருந்து எனக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்தான். உன்னிடம் நான் சொன்னதில்லை, சொல்ல நீ எங்கே விட்டாய். என்ன சாப்பிட்டான், மழை உண்டா, என் முழங்கால் எப்படி என்பதைத் தாண்டி ஒன்றும் பேசமாட்டான். ஒரு தடவை மட்டும், கல்காராவில் ஒரு கூடத்தில் தன் படங்களை வாங்கி மாட்டியிருக்கிறார்கள், சொந்தப் பேரில் இல்லை, சொந்தப் பேர் போட்டால் இந்த ஊரில் எவன் மாட்டுவான் என்று சொன்னான். ஈஸ்டருக்குப் பிறகு போன் இல்லை. ஒரு வாரம் போனபோது வண்டிக்குப் பெட்ரோல் இல்லை போல என்று நினைத்துக்கொண்டேன், ஒரு மாசம் போனதும் தூக்கம் போய்விட்டது. போலீசுக்குச் சொன்னேன், அந்தப் பையன் நல்லவிதமாகத்தான் பேசினான், ஐம்பது வயசு ஆளு தாத்தா, அப்பாகிட்ட பேசணும்னு சட்டம் இல்லையே என்றான். லைசென்சை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள், அடிலெய்டிலிருந்து இவ்வளவு தூரம் எப்படிப் போவது, யாரைக் கேட்பது. அப்போதுதான் எங்கள் பெரியவர்கள் சங்கத்தில் கல்காரா ஓவியக் கூடங்களுக்கு பஸ் போகிறது, மெதுவாகப் பார்த்துவிட்டு மெதுவாக வரலாம், இஷ்டம் உள்ளவர்கள் பேர் கொடுங்கள் என்றார்கள். நான் முதல் ஆளாகக் கொடுத்தேன். என்ன கிளெம், உனக்கு எப்போதிலிருந்து ஓவிய ஆசை என்று எல்லோருக்கும் சிரிப்பு. பழைய ஊரை ஒரு தடவை பார்க்கலாம் என்று சொல்லி வைத்தேன்.

நம் ஊர் உனக்கு அடையாளம் தெரியாது ஜென். சுரங்கம் மூடின பிறகு ஆள் பாதி போய்விட்டார்கள், காலியான இடத்தில் எல்லாம் படம் மாட்டிவிட்டார்கள். நீ ரொட்டி வாங்கிவரப் போவாயே அந்த பேக்கரி ஓவியக் கூடம், தகரக் கோயில் ஓவியக் கூடம், சலவைக்காரர் வீடு ஓவியக் கூடம். உள்ளே போனால் எல்லாச் சுவரிலும் சிவப்பு மண். உன் அம்மா வாழ்நாள் முழுக்க என் சட்டையிலிருந்து துவைத்துத் துவைத்துப் போகாத மண்ணைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறார்கள். எங்களைக் கூட்டிப்போன பெண் ஒவ்வொரு வாசலிலும், அவசரமே இல்லை, நிதானமாப் பாருங்க, ஒவ்வொரு படத்தையும் அனுபவிங்க என்பாள். அனுபவித்தார்கள். ஒரு படத்துக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்து லாமிங்டன் கேக் தின்று, தேங்காய்த்தூளை மடியிலிருந்து உதறிவிட்டு, அடுத்த படத்துக்குப் போவார்கள். எட்னா கிராப்பர் என்று ஒரு கிழவி, பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை, எனக்குப் படிக்கத் தெரியாது என்று அவளுக்குத் தெரிந்துபோய் ஒவ்வொரு படத்துக்குக் கீழே இருப்பதையும் எனக்குப் படித்துக் காட்டினாள். ஒரு படத்தைப் பார்த்து, "ஏன்யா கிளெம், மாடு மேயும் மாலைன்னு போட்டிருக்கான், மாட்டைக் காணோமே" என்றாள். "மேய்ஞ்சு முடிச்சு வீட்டுக்குப் போயிருக்கும்" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் கூடமே திரும்பிப் பார்த்தது. நானும் சிரித்தேன், கண் அடுத்த படத்துக்கு ஓடியது. அவர்கள் ஒரு படத்தைப் பார்ப்பதற்குள் நான் ஒரு அறையை முடித்துவிடுவேன், வாசலில் போய் நிற்பேன், இங்கே இல்லை, அடுத்ததுக்குப் போகலாம் என்று கால் துடிக்கும், அந்தப் பெண் வந்து, நீங்க சரியாவே பார்க்கலையே தாத்தா, மறுபடி ஒரு சுத்து வாங்க என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போவாள்.

நான் எதைத் தேடினேன் என்றால் நாயை. நம் நிப்பரை உனக்கு நினைவிருக்கும், பின்னங்கால் ஒன்று கோணலாக வெளியே நிற்கும். கெல்வின் சின்ன வயசிலிருந்து எதை வரைந்தாலும் ஒரு மூலையில் நிப்பரைப் போடாமல் விடமாட்டான், பள்ளிக்கூடத்தில் ஏசு பிறப்பை வரையச் சொன்னபோதும் தொழுவத்துக்குள் நிப்பரைப் போட்டு அடி வாங்கினான். பேர் எதுவாக இருந்தால் என்ன, நாய் இருந்தால் என் பிள்ளை. பேக்கரியில் நாய் இல்லை. தகரக் கோயிலில் ஒரு நாய் இருந்தது, நாலு காலும் நேராக இருந்தது. சலவைக்காரர் வீடுதான் வில்மாவினுடையது, அங்கே பின் அறையில் மூன்று படம் வரிசையாக மாட்டியிருந்தது, முதல் படத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி, அதன் நிழலில் நிப்பர் படுத்திருக்கிறான், கால் வெளியே நிற்கிறது. சந்தோஷத்தில் ஒரு அடி கிட்டப் போனேன், அப்போது பார்த்தேன், படத்துக்குக் கீழே இருக்கிற சீட்டில் ஒரு சிவப்புப் பொட்டு. அடுத்த படத்திலும் நிப்பர், அதிலும் சிவப்புப் பொட்டு. மூன்றாவதிலும் சிவப்புப் பொட்டு. சுற்றி மற்ற சுவரில் எந்தப் படத்துக்கும் இல்லை.

நீ ஒரு நாளும் சுரங்கத்து வாசலுக்கு வந்ததில்லை, உனக்குத் தெரியாது. ஷிஃப்டுக்கு இறங்கும்போது எங்கள் நம்பர் போட்ட பித்தளை வில்லையைப் பலகையில் மாட்டிவிட்டுப் போவோம், ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வோம். எவன் ஏறி வரவே இல்லையோ, அவன் ஆணிக்குக் கீழே டைம் கீப்பர் சிவப்பு மையில் ஒரு பொட்டு வைப்பார். அந்த ஆணியில் அதற்கப்புறம் யார் வில்லையும் தொங்காது. என் அப்பா ஆணியில் அந்தப் பொட்டைப் பார்த்துக்கொண்டே முப்பத்தெட்டு வருஷம் இறங்கி ஏறினவன் நான். எழுத்துத் தெரியாதவனுக்கு அந்த ஒரு எழுத்து மட்டும் நன்றாகத் தெரியும். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எட்னா ஓடி வந்து, என்னய்யா, மாரு வலிக்குதா என்கிறாள், வில்மா தண்ணீர் கொண்டு வருகிறாள், நான் எப்ப செத்தான், எங்க வச்சிருக்கீங்க, என் பிள்ளையை எங்க வச்சிருக்கீங்க என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டேனாம். வில்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் பொட்டைக் காட்டினேன். அவள் முகம் மாறி என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, "ஐயோ பெரியவரே, அது வித்துப்போச்சுன்னு அர்த்தம், யாரோ வாங்கிட்டாங்கன்னு அர்த்தம், வேற ஒண்ணுமில்ல" என்றாள். ஊர் முழுக்கப் படக்கூடத்துக்காரர்கள் அப்படித்தான் வைப்பார்களாம். எட்னா என் முதுகைத் தடவிக்கொடுத்து, "உசிரை எடுத்திட்டியே மனுஷா, படம் வித்ததுக்கு எந்த அப்பனாவது ஒப்பாரி வைப்பானா" என்றாள். சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

அவர்கள் எனக்கு நாற்காலி கொண்டு வந்து அந்த மூன்றாவது படத்துக்கு நேராகப் போட்டார்கள். அதுவரை பொட்டைத்தான் பார்த்தேன், படத்தைப் பார்க்கவில்லை. ஜென், அது நம் இடுகாடு. உயரத்திலிருந்து, பக்கத்தில் இருக்கிற சுரங்கத்துக் கல்மேட்டின் உச்சியிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி வரைந்திருந்தான். கீழே ஒரு குழி, சுற்றி விரல் நகம் அளவுக்கு ஆட்கள். எல்லோரும் கறுப்பு. ஒருத்தி மட்டும் பச்சை. கிளிப்பச்சைக் கோட்டு. உன் பெட்டி விமானத்தில் எங்கோ போய்விட்டது என்று பக்கத்து வீட்டு மிசஸ் டோனலியின் கோட்டைப் போட்டுக்கொண்டு அம்மாவை அடக்கம் பண்ண வந்தாயே, அந்தக் கோட்டு. கல்யாணத்துக்குப் போகிற கோட்டு அப்பா, பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று அழுதாயே. அந்தக் கோட்டை அன்றைக்கு ஒரு நாள்தான் நீ போட்டாய், அன்று மாலையே திருப்பிக் கொடுத்துவிட்டாய். வீட்டில் ஒரு போட்டோவும் எடுக்கவில்லை, நான் அவனிடம் போனில் கோட்டைப் பற்றிச் சொன்னதில்லை, எனக்கு எல்லாம் நினைவிருக்கும் என்று உனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. அதைப் பார்க்காதவனால் வரைய முடியாது. உன் அண்ணன் அன்றைக்கு வந்திருந்தான் ஜெனிஸ். நான் பூமியின் அந்தக் கோடியிலிருந்து வந்தேன், அவனுக்கு நூறு மைல் வர முடியவில்லையா என்று கேட்டாயே, அவன் வந்து கல்மேட்டின் மேல் நின்றான்.

ஏன் இறங்கி வரவில்லை என்று நீ கேட்கக்கூடாது, இந்த ஊரில் பிறந்தவள். ஆனாலும் பதினெட்டு வயசில் போனவள், மறந்திருப்பாய் என்று சொல்கிறேன். எண்பத்தாறு ஸ்ட்ரைக்கில் அம்மாவை அடிலெய்டுக்கு வைத்தியத்துக்கு அனுப்ப வேண்டும் என்று அவன் ஒரு வாரம் சுரங்கத்துக்குள் இறங்கினான். அந்த ஒரு வாரத்தோடு அவன் கருங்காலி. கருங்காலி இடுகாட்டுக்குள் கால் வைத்தால் சவப்பெட்டி தூக்குகிற யூனியன்காரர்கள் பெட்டியை அந்த இடத்திலேயே இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள், என் தாத்தா காலத்தில் அப்படி ஒரு பெட்டி சாயங்காலம் வரை வெயிலில் கிடந்திருக்கிறது. அதனால் அப்படிப்பட்டவன் வீட்டில் சாவு விழுந்தால் அவன் கல்மேட்டில் ஏறித் தொப்பியைக் கழற்றி நிற்பான். கீழே இருப்பவர்கள் அவனைப் பார்க்காத மாதிரி இருந்தால் அவனுக்கு அது பெரிய மரியாதை. நிமிர்ந்து பார்த்துவிட்டு முதுகைத் திருப்பினால் முடிந்தது, நீ எங்களுக்கு யாரும் இல்லை என்று அர்த்தம், சாகிற வரைக்கும் அதுதான் அர்த்தம். அம்மா பெட்டி வெயிலில் கிடக்கக் கூடாது என்றுதான் அவன் மேலேயே நின்றிருக்கிறான்.

இதைச் சொல்லும்போது வில்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அவள் மெல்போர்னிலிருந்து வந்தவள், இதெல்லாம் தெரியாது, கூடத்தில் அன்றைக்கு நான் கேட்டபோது படம் கொண்டுவந்தவனை ஹோஸ்கிங் என்றுதான் அவளுக்குத் தெரிந்திருந்தது. உன் அம்மா பிறந்த வீட்டுப் பேரைப் போட்டிருக்கிறான். ஹோஸ்கிங் ஈஸ்டருக்கு முன்னால் வந்ததுதான், மூச்சு வாங்கியது, மாடிப்படி ஏறினவர் மாதிரி பேசினார், என் கூடத்தில் படியே இல்லை என்றாள். எங்கே இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியவில்லை. "மூணாவது படத்தை வாங்கின ஆளைக் கேட்டுப் பாருங்க, வாங்கிட்டு வீட்டுக்கும் எடுத்துட்டுப் போகாம வாரா வாரம் வந்து பார்த்துட்டுப் போறார், சிவப்புத் தலை நரைச்ச பெரியவர்" என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. ப்ளூயி மெக்கின்னன். உன் அம்மா பெட்டியை முன்னால் பிடித்தவன். பெரிய யூனியன்காரன், பத்து வருஷமாகக் கெல்வின் பேரை வாயால் சொல்லாதவன்.

அவன் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். என்னடா கிளெம், செத்துட்டேன்னு நினைச்சேன், இன்னும் நொண்டிக்கிட்டு இருக்கியா என்று கட்டிக்கொண்டான். படத்தைக் கேட்டேன். "அதில என் முதுகை அவ்ளோ நல்லா வரைஞ்சிருக்கான்டா, என் பொண்டாட்டி கூட அந்த முதுகை அவ்ளோ நேரம் பார்த்ததில்ல" என்று சிரித்துவிட்டு, அப்புறம் சிரிப்பு நின்றுபோய், அன்னைக்கு நான் அவனைப் பார்த்தேன், நீ நிமிர்ந்துடாம இருக்க உன் முன்னால வந்து நின்னேன், நீ பார்த்திருந்தா அவன்கிட்ட ஓடியிருப்பே, எங்க ஆளுங்க போயிருப்பாங்க, உன் டாஃப்னியைக் குழிக்குள்ள இறக்க ஆள் இருந்திருக்காது என்றான். எனக்கு அவன் மேல் கோபப்படக்கூட நேரமில்லை. என் பிள்ளை எங்கேடா என்றேன். பழைய பம்ப் வீட்டுல என்றான். சங்கத்து பஸ் மறுநாள் காலையில் கிளம்பியது, நான் ஏறவில்லை, எட்னா ஜன்னல் வழியாகத் தன் மிச்ச கேக்கை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

ப்ளூயி வண்டியில்தான் போனோம், வில்மாவும் வந்தாள். பம்ப் வீட்டு வாசலில் தண்ணீர் பீப்பாய்கள் இருந்தன, எல்லாம் ப்ளூயி கொண்டுவந்து கேட்டில் வைத்துவிட்டு ஹாரன் அடித்துவிட்டுப் போனவை என்று பிறகுதான் தெரிந்தது. கெல்வின் கட்டிலில் இருந்தான். ஜென், உன் அண்ணன் தோள் உனக்கு நினைவிருக்கும், நீ அதில் உட்கார்ந்துதான் சர்க்கஸ் பார்த்தாய். அந்தத் தோளில் சட்டை ஆணியில் மாட்டின மாதிரி தொங்கியது. ஒரு வார்த்தை பேச இரண்டு மூச்சு வேண்டியிருக்கிறது. "வாங்கப்பா, யாரு ஓட்டிட்டு வந்தா" என்றான். ப்ளூயி வண்டியை விட்டு இறங்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "டேய் கிளெம், உன் மகன்கிட்ட சொல்லு, சூப் டின் பின்னால பெட்டில இருக்கு, சூடு பண்ணிக் குடிக்கச் சொல்லு" என்று கத்தினான். கெல்வின் உள்ளேயிருந்து, "அப்பா, உங்க சிநேகிதர்கிட்ட சொல்லுங்க, போன வாரம் வச்ச டின்ல உப்பு ஜாஸ்தின்னு" என்றான். நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டு காது கேட்கிற தூரத்தில் இருப்பவனுக்குத் தூது சொன்னேன். வில்மா சிரித்துவிட்டாள், பிறகு வெளியே போய் அழுதாள்.

விமானத்தில் வருகிற டாக்டரம்மா வந்து பார்த்தார். நுரையீரல் சுரங்கத் தூசியில் ஏற்கெனவே பாழ், இப்போது அதில் சீழ் கட்டியிருக்கிறது, இந்த மாசத்துக்குள் அடிலெய்டுக்குக் கொண்டுபோனால் பிழைத்துக்கொள்வார், வெயில் காலம் வரை இங்கே கிடந்தால் நான் எதுவும் சொல்வதற்கில்லை என்றார். வரமாட்டேன் என்கிறான். நான் கெஞ்சினேன். அவன் காலைப் பிடித்தேன் ஜென், என் பிள்ளை காலை. வேண்டாம்ப்பா, எழுந்திருங்க, என்னால உங்களைத் தூக்க முடியாது என்கிறான். ஏன்டா வரமாட்டாய் என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பி, "அன்னைக்கு ஜென் என்னைப் பார்த்துட்டா அப்பா. நான் தொப்பியைத் தூக்கிக் காட்டினேன். நேரா என்னைப் பார்த்தா. பார்த்துட்டு முதுகைத் திருப்பிட்டா" என்றான். "ஊரே திருப்பிச்சு, நான் கண்டுக்கல. கூடப் பிறந்தவளே திருப்பினப்புறம் நான் யாருக்குப் பிழைக்கணும்" என்றான். அதோடு மேட்டின் அந்தப் பக்கமாக இறங்கிப் போனவன்தான். அஞ்சு வருஷமாக ஒரே நினைப்போடு அந்தத் தகரக் கொட்டகையில் கிடந்திருக்கிறான், அந்த இடுகாட்டை அவன் எத்தனை தரம் வரைந்து அழித்திருக்கிறான் என்று சுவரோரம் அடுக்கியிருக்கிற பலகைகளைப் பார்த்தால் தெரிகிறது. எல்லாவற்றிலும் நீ திரும்பி நிற்கிறாய்.

நான் உடனே சொன்னேன், மடையா, அவள் கண்ணாடி இல்லாமல் இருந்தாள், கண்ணாடியும் பெட்டியோடு போய்விட்டது, கண்ணாடி இல்லாவிட்டால் உன் தங்கைக்குப் பத்தடி தள்ளி நிற்கிற மாடு குதிரை மாதிரித் தெரியும், கல்மேட்டு உச்சியில் நிற்கிற உன்னை எங்கே பார்ப்பாள், காற்று முகத்தில் மண்ணை அடித்தது, திரும்பிக்கொண்டாள், அவ்வளவுதான் என்றேன். அவன் என்னைப் பார்த்தான். கண்ணாடி போடலைன்னு நீங்க பார்த்தீங்களா அப்பா என்றான். பார்த்தேன் என்றேன். அவன் சிரித்துவிட்டு, "நீங்க சமாதானத்துக்காகப் பொய் சொல்வீங்க. அம்மாவும் ஜென்னும் சண்டை போட்டப்ப ரெண்டு பக்கமும் போய் அப்படித்தான் சொல்வீங்க. ஜென் சொல்லட்டும்" என்று கண்ணை மூடிக்கொண்டான். அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

மகளே, உனக்கு மட்டும் நான் நிஜத்தைச் சொல்கிறேன். எனக்கு நினைவில்லை. நீ பிறந்த அன்றைக்கு நர்சு எந்தக் கையில் உன்னைக் கொடுத்தாள் என்பது நினைவிருக்கிறது. என் அப்பா கடைசியாக ஷிஃப்டுக்குப் போனபோது ரொட்டியில் என்ன வைத்துக் கொண்டுபோனார் என்பது நினைவிருக்கிறது. அன்றைக்கு அந்தக் கோட்டில் எந்தப் பொத்தான் இல்லை என்பதுகூட இப்போது கேட்டாலும் சொல்வேன். உன் முகம் நினைவில்லை. குழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நீ என் கையைப் பிடித்திருந்தாய், நான் உன் முகத்தை ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடி பெட்டியில் போயிருக்கலாம். கைப்பையில் இருந்திருக்கலாம். பத்து நாளாகப் படுக்கையில் கண்ணை மூடி அந்த இடத்தில் நின்று நின்று பார்க்கிறேன், கோட்டு தெரிகிறது, கழுத்து வரைக்கும் தெரிகிறது, அதற்குமேல் ஒன்றும் இல்லை. வாழ்நாளில் எது மறந்து போயிருந்தாலும் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். இது மறந்துபோய்விட்டதே.

அதனால் நீதான் எழுத வேண்டும். தபாலுக்குக் காத்திருக்காதே, வில்மாவிடம் ஃபேக்ஸ் மெஷின் இருக்கிறது, நம்பரைத் தனிச் சீட்டில் எழுதி உள்ளே வைக்கச் சொல்கிறேன், மாப்பிள்ளை ஆபீசிலிருந்து அனுப்பச் சொல். உன் கையால் எழுது, டைப் அடிக்காதே, உன் கையெழுத்து அவனுக்குத் தெரியும், உனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தானே. அது வந்த நிமிஷம் ப்ளூயி வண்டியை எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். என்கிட்ட கொடுடா, நானே கொண்டுபோய் அவன் கையில கொடுக்கறேன், பேசத்தான் மாட்டேன், கொடுக்க மாட்டேன்னு எந்தக் கூட்டத்திலயும் தீர்மானம் போடல என்கிறான். டாக்டரம்மாவின் விமானம் எப்போது கூப்பிட்டாலும் வரும். நீயே நேரில் வர முடியுமானால் அதைவிட எனக்கு வேறொன்றும் வேண்டாம், ஆனால் நீ டிக்கெட் வாங்கி இறங்குகிற வரை அவன் மூச்சு தாங்குமா என்று தெரியவில்லை, அதனால் முதலில் எழுது.

இப்போது நான் சொல்லப் போவதைக் கேட்டு என்மேல் கோபப்படாதே. ஒருவேளை நீ அன்றைக்கு அவனைப் பார்த்திருக்கலாம். கண்ணாடி உன் முகத்தில் இருந்திருக்கலாம். மேட்டில் நிற்பவன் யார் என்று தெரிந்தே, இவ்வளவு தூரம் வந்தவன் இறங்கி வந்து அம்மா பெட்டியைத் தொடக்கூடாதா என்ற ஆத்திரத்தில் நீ திரும்பி நின்றிருக்கலாம். உன் இடத்தில் நான் இருந்தாலும் செய்திருப்பேன். அப்படி இருந்தால், அதை நீயே வைத்துக்கொள். எனக்கு எழுதாதே, போனில் சொல்லாதே, எந்தக் காலத்திலும் சொல்லாதே, நானும் உன்னைக் கேட்கமாட்டேன். அவனுக்கு மட்டும் பார்க்கவில்லை என்று எழுது. உன்னைப் பொய் சொல்லக்கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவன் இன்றைக்குக் கை கூப்பிக் கேட்கிறேன்.

நீயும் உன் குடும்பமும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும், ஃபியோனாவுக்கு என் முத்தம், மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். ஞாபகமாக ஒன்று. நீண்ட கடிதம் வேண்டாம், பழைய கணக்கு எதுவும் வேண்டாம், படிக்க அவனுக்கு மூச்சு இல்லை. ஒரு வரி போதும். நான் உன்னைப் பார்க்கவில்லை அண்ணா என்று எழுது. அண்ணா என்பதை மட்டும் விட்டுவிடாதே.

உன் அப்பா,
கிளெம் போல்கிளேஸ்
(கைக்குறி) X